பணியில் உயிர்நீத்த தீயணைப்பு வீரருக்கு இறுதி மரியாதையும் நினைவஞ்சலியும்: முதல் மணி நேரத்திலிருந்து ஏப்ரல் 14 வரை

தமிழ்நாட்டுத் தீயணைப்பு நிலையம் ஒன்றில் உடன் பணியாற்றியவர் அழைப்புக்குப் போன இடத்தில் இறந்துவிட்டால், "நீங்க பாத்துக்கோங்க" என்று யாரோ ஒருவரிடம் பொறுப்பு வந்து சேரும். பெரும்பாலும் அவர் இதற்கு முன் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டார். இந்த வழிகாட்டி அவருக்கானது. நிலையத்தோடு சேர்ந்து அஞ்சலி நடத்தும் ஊர்க்காரர்களுக்கும், குடியிருப்போர் சங்கத்தாருக்கும் இது உதவும்.

புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பேனர், மைக், மாலை என்று தொடங்குகிறார்கள். அவை கடைசியில் வர வேண்டியவை. முதலில் குடும்பம், அடுத்து உத்தரவுகள், பிறகு உடல், அதன்பின் சடங்கு. இந்த வரிசை குலைந்தால் மயானத்தில் நின்றுகொண்டு கொடி எங்கே என்று தேட வேண்டிவரும்.

1. இரண்டு பேரை நியமியுங்கள், ஒருவரை அல்ல

ஒருவர் குடும்பத்தோடு இருக்க வேண்டும். இன்னொருவர் நிலையத்தில் இருந்துகொண்டு மாவட்ட அலுவலகம், காவல்துறை, மருத்துவமனை, மயானம் நான்கையும் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால், போன் அடிக்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே போவார். அந்த வீட்டார் அதை மறக்க மாட்டார்கள்.

குடும்பத்தோடு இருப்பவர் இறந்தவரின் பயிற்சிக்கால நண்பராகவோ, வீட்டுக்கு முன்பே போய்வந்தவராகவோ இருந்தால் நல்லது. பதவி முக்கியமில்லை. வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பதை அவர்தான் மெதுவாகக் கேட்டறிய வேண்டும். மனைவி ஒன்று சொல்ல, அண்ணன் வேறொன்று சொல்வது சாதாரணம். மனைவியின் சொல்லே இறுதி என்று நிலையத்தார் முதலிலேயே தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். மணமாகாதவர் என்றால் தாய் தந்தையின் சொல்.

அதே அழைப்பில் உடன் சென்று உயிரோடு திரும்பியவர்களுக்கு இந்தப் பொறுப்புகள் எதையும் கொடுக்காதீர்கள். பிரேத விசாரணையில் அவர்கள் வாக்குமூலம் தர வேண்டியிருக்கும், தூக்கமும் இருக்காது. அவர்களுள் யாராவது உடலைச் சுமக்க விரும்பினால் கட்டாயம் இடம் கொடுங்கள். விரும்பாவிட்டால் காரணம் கேட்க வேண்டாம். டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416ஐ அவர்கள் கைபேசியில் பதிந்து கொடுத்துவிடுங்கள்.

2. அறிவிப்பதற்கு முன் உறுதிசெய்ய வேண்டியவை

செய்தி குடும்பத்துக்கு நேரில் சொல்லப்பட்டுவிட்டதா? சீருடையில் இருவர் போய்ச் சொல்லும் வரை வாட்ஸ்அப் குழுவில் பெயரோ படமோ வரக் கூடாது. தொலைக்காட்சியின் அடிவரியில் மகன் பெயரைப் பார்த்துத் தாய் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை இல்லை.

உடல் எப்போது கிடைக்கும் என்பது அடுத்தது. பணியில் நேர்ந்த மரணம் என்பதால் முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை மூன்றும் முடிய வேண்டும். மருத்துவமனை உடலை ஒப்படைக்கும் நேரம் உறுதியாகாமல் "மாலை 4 மணிக்கு இறுதி ஊர்வலம்" என்று அறிவித்தால் கூட்டம் வெயிலில் காத்துக் கிடக்கும்.

அவர் அணிந்திருந்த தலைக்கவசம், மூச்சுக்கருவி, பூட்ஸ் ஆகியவற்றை யாரும் கழுவவோ துடைக்கவோ கூடாது. பெட்டியின் மேல் வைக்க வேண்டும் என்று அவசரத்தில் எடுத்து வருபவர்கள் உண்டு. அவை விசாரணைக்குத் தேவைப்படும் பொருட்கள். சடங்குக்கு அவருடைய இன்னொரு சீருடைத் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கைபேசி போன்றவற்றைப் பட்டியலிட்டுக் கையெழுத்துடன் பெற்று, குடும்பத்திடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.

எரிப்பதா புதைப்பதா, எந்த ஊரில், எந்த முறையில் என்பதைக் குடும்பம் சொல்ல வேண்டும். இஸ்லாமியக் குடும்பம் என்றால் அடக்கம் தாமதிக்கக் கூடாது, மாலை போடும் மரியாதையும் இருக்காது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆலயத்தில் ஆராதனை நேரம் கேட்க வேண்டும். அரசுச் சடங்கு இவற்றுக்கு இடம்விட்டு அமைய வேண்டும்.

3. தேசியக் கொடி: அதிகம் தவறு நடக்கும் இடம்

பாசத்தில் யாராவது கடையில் தேசியக் கொடி வாங்கி வந்து உடலின் மேல் போர்த்திவிடுவார்கள். அரசு மரியாதை உத்தரவு இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கிலும், ராணுவம் மற்றும் துணை ராணுவப் படையினரின் இறுதிச் சடங்கிலும் மட்டுமே கொடியைப் போர்த்தலாம். தீயணைப்புத் துறை அந்தப் படைகளில் சேராது. ஆகவே அரசு மரியாதை உண்டு என்ற உத்தரவு மாவட்ட ஆட்சியர் வழியாக வந்திருக்கிறதா என்று நிலையத்தில் இருப்பவர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். உத்தரவு இல்லையென்றால் துறையின் கொடியைப் போர்த்துங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

உத்தரவு வந்துவிட்டால் அளவைக் கவனியுங்கள். காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும் என்பது கொடி விதி. அப்படிப் போர்த்தும்போது பட்டைகள் உடலுக்குக் குறுக்காக அமையும். கொடியின் அகலம்தான் உடலின் நீளத்துக்கு வரும். 1800 × 1200 மி.மீ. கொடி வாங்கினால் நெஞ்சிலிருந்து முழங்கால் வரைதான் மூடும். 2700 × 1800 மி.மீ. கொடிதான் முழு உடலுக்குப் பொருந்தும். இந்த அளவு சாதாரணக் கடையில் உடனே கிடைக்காது. காதி கடையிலோ மாவட்டக் காவல் அலுவலகத்திலோ முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கொடியைப் போர்த்தியபின் அதன் மேல் மாலை போட வேண்டாம். கால்மாட்டில் ஒரு சாய்வு மேசை வைத்து மலர்வளையங்களை அதில் வையுங்கள். கொடி சிதையில் எரியக் கூடாது, குழிக்குள் இறங்கவும் கூடாது. அதனால் அதை எடுத்து மடிக்க இரண்டு பேரை முன்பே ஒத்திகை பார்க்க வையுங்கள். கொடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு இரு ஓரங்களையும் உள்ளே மடித்தால் அசோகச் சக்கரமும் கொஞ்சம் காவியும் பச்சையும் மட்டும் மேலே தெரியும். அதை உள்ளங்கைகளில் ஏந்திக் கொண்டுபோய்க் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். ஒத்திகை இல்லாமல் செய்தால் கொடி தரையில் படும், அத்தனை கேமராக்களும் அதைப் பிடிக்கும்.

நிலையத்துக் கம்பத்தில் தேசியக் கொடியை நீங்களாக அரைக்கம்பத்தில் இறக்கவும் கூடாது. அதற்கும் அரசு உத்தரவு வேண்டும்.

4. உடல் நிலையத்துக்கு வரும்போது

அவர் கடைசியாகப் பணிக்குக் கிளம்பிய இடம் என்பதால், வீட்டுக்குப் போகும் வழியில் அரை மணி நேரமாவது நிலையத்தில் வைப்பது நல்ல வழக்கம். அதற்குக் குடும்பம் சம்மதிக்க வேண்டும்.

ஃப்ரீசர் பாக்ஸ் வைக்கும் இடத்தில் நிழல், தனியான 15 ஆம்ப் பிளக், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் மூன்றும் தேவை. மைக் செட்டும் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓடக் கூடாது, வயர் சூடாகும்.

தீக்காயம் பட்ட உடல் என்றால் முகம் காட்டுவதா வேண்டாமா என்பதைக் கூட்டம் முடிவு செய்யக் கூடாது. முதலில் குடும்பத்தின் நெருங்கிய இருவர் மருத்துவமனையில் தனியாகப் பார்க்கட்டும். மூடுவது என்று அவர்கள் சொன்னால் பெட்டியை மூடி, மேலே இஸ்திரி போட்டு மடித்த சீருடையும் தொப்பியும், தலைமாட்டில் புகைப்படமும் வையுங்கள். காயம்பட்ட உடலுக்கு வலிந்து சீருடை போட முயல வேண்டாம்.

ஒன்றை மறக்கவே கூடாது: அந்த நேரத்திலும் அழைப்பு வரும். பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு வண்டி குழுவினரோடு வந்து நிற்க வேண்டும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதைக் கட்டுப்பாட்டு அறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வந்த வண்டி வாசலைப் பார்த்து நிற்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் இருக்கட்டும், முன்னால் யாரும் பைக் நிறுத்தாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அஞ்சலி நடுவில் வண்டி சங்கோடு வெளியேற நேர்ந்தால் நிகழ்ச்சியை நிறுத்தி வழிவிடுங்கள்; மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

5. ஊர்வல வண்டி

அமரர் ஊர்தியில் கொண்டுபோவதா, தீயணைப்பு வண்டியில் வைப்பதா என்பது துறையின் அனுமதியைப் பொறுத்தது. தீயணைப்பு வண்டி என்றால் தண்ணீரைக் காலிசெய்து, பெட்டி அசையாதபடி நான்கு மூலையிலும் கயிறு கட்டுங்கள். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி மோசம். திருப்பத்தில் தண்ணீர் அலைந்து வண்டி ஆடும்.

மாலைகளை முன்பக்க ரேடியேட்டர் கிரில்லில் கட்டுவது வழக்கமான தவறு. நடை வேகத்தில் 1 கிலோமீட்டர் போக 15 நிமிடம் ஆகும். முதல் கியரில் அவ்வளவு நேரம் ஊர்ந்துபோகும் கனரக வண்டிக்குக் காற்று கிடைக்காவிட்டால் பாதி வழியில் கொதித்து நின்றுவிடும். பக்கவாட்டிலும் ஏணியிலும் நூல்கயிறால் கட்டுங்கள். விளக்குகளையும் கண்ணாடியையும் மறைக்காதீர்கள். தூரம் 2 கிலோமீட்டருக்கு மேல் என்றால் முதல் 500 மீட்டரும் கடைசி 500 மீட்டரும் நடந்து, நடுவில் வண்டியில் போவதே சரி.

ஊர்வலத்தில் வெடி வேண்டாம் என்று வீட்டாரிடமும் ஊர்க்காரரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். தீயோடு போராடி இறந்தவருக்கு முன்னால் சாலையில் தீப்பொறி பறப்பது சரியில்லை; அதோடு உடன் பணியாற்றியவர்களில் சிலர் அந்தச் சத்தத்தில் நிலைகுலைந்துபோவார்கள். சாலையில் பேனரும் வேண்டாம். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் இறந்த பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

6. மயானத்தில் வரிசை

வீட்டில் செய்ய வேண்டியவை, அதாவது நீர்மாலை, கோடி போடுதல் போன்றவை, வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். மயானத்தில் முதலில் அதிகாரிகளின் மலர்வளையம், அடுத்து மௌனம், பிறகு காவல்துறையின் மரியாதை, கொடியை மடித்து ஒப்படைத்தல், கடைசியாகக் குடும்பச் சடங்கு. கொடி ஒப்படைத்த கணத்திலிருந்து அந்த இடம் குடும்பத்துக்குச் சொந்தம். சீருடைக்காரர்கள் பத்தடி பின்வாங்கி நிற்க வேண்டும். வாய்க்கரிசி போடும்போது மைக்கில் யாரும் பேசக் கூடாது.

குண்டு முழக்கத்தைக் காவல்துறை ஆயுதப்படையினர்தான் செய்வார்கள். ஏழு பேர் மூன்று சுற்று சுட்டால் 21, பத்துப் பேர் சுட்டால் 30. வெற்றுத் தோட்டாதான் என்றாலும் சத்தம் பெரிது. குழந்தைகளையும் வயதானவர்களையும் தள்ளி உட்கார வைத்து, "இப்போ சத்தம் வரும்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்கு இன்னொரு அதிர்ச்சி வேண்டாம்.

மலர்வளையப் பட்டியலை இருபது பெயருக்குள் நிறுத்துங்கள். ஒருவருக்கு 30 நொடி என்றாலும் பத்து நிமிடம். கடைசி மலர்வளையத்தை நிலையத்தின் இளைய தீயணைப்பாளர் வைக்கட்டும். எரிவாயு தகன மேடையில் முன்பதிவு நேரம் தாண்டினால் அடுத்த குடும்பம் வாசலில் உடலோடு நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

7. வாழ்க்கைக் குறிப்பு எழுதுதல்

நிறைய அஞ்சலிகள் விழுவது இங்கேதான். "அஞ்சா நெஞ்சர், தன்னலமற்றவர், மக்களின் காவலர்" என்று யாருக்கும் பொருந்தும் வார்த்தைகளை அடுக்கிவிட்டு, மீதி முழுக்கக் கடைசித் தீவிபத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். கேட்கும் மகளுக்கு அப்பாவைப் பற்றி ஒன்றும் கிடைப்பதில்லை.

மூன்று இடங்களிலிருந்து தகவல் எடுங்கள். பணிப்பதிவேட்டிலிருந்து பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, வேலை பார்த்த நிலையங்கள், பெற்ற பதக்கங்கள். நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டிலிருந்து அவர் போன அழைப்புகள்: கிணற்றில் விழுந்த பசு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, வைக்கோல் போர், வெள்ளத்தில் சிக்கிய தெரு. தீயணைப்பாளரின் வேலையில் தீ ஒரு பகுதிதான் என்பது ஊருக்குத் தெரியும், ஆனால் மேடையில் யாரும் சொல்வதில்லை. மூன்றாவது, வீட்டிலும் நண்பர்களிடமும் கேட்பது.

வீட்டில் "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அழுகைதான் வரும். சின்னதாகக் கேளுங்கள். இரவுப் பணி முடிந்து வந்தால் முதலில் என்ன செய்வார்? பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார்? எந்தத் திருவிழாவுக்கு லீவு கிடைக்காமல் வருத்தப்பட்டார்? நிலையத்தில், கயிறு முடிச்சை யாருக்குக் கற்றுக்கொடுத்தார், சமையல் முறை வந்தால் என்ன சமைப்பார் என்று கேளுங்கள். இப்படி ஐந்து விஷயம் கிடைத்தால் போதும்.

நீளம் 300 முதல் 350 சொற்கள். மெதுவாக வாசித்தால் நான்கு நிமிடத்துக்குள் முடியும். கடைசி அழைப்புக்கு அதில் 60 சொல்லுக்கு மேல் தராதீர்கள்: எந்த நாள், எங்கே, என்ன பணி, எப்போது இறந்தார். யார் அனுப்பினார்கள், கட்டடம் ஏன் இடிந்தது, கருவி வேலை செய்ததா என்பவை விசாரணைக்குரியவை. அஞ்சலியில் ஒரு வரி தவறாகச் சொன்னாலும் குடும்பத்தின் கோரிக்கைகளுக்கே பின்னால் இடைஞ்சலாகலாம். எத்தனை உயிரைக் காப்பாற்றினார் என்ற எண்ணைப் பதிவேட்டில் பார்க்காமல் எழுத வேண்டாம்.

பதவியைச் சரியாக எழுதுங்கள். பேச்சில் எல்லோரும் "தீயணைப்பு வீரர்"தான். குறிப்பிலும் கல்வெட்டிலும் அவர் இறந்த நாளில் வகித்த பதவி, அதாவது தீயணைப்பாளர், முன்னணி தீயணைப்பாளர், நிலைய அலுவலர் என்று இருக்க வேண்டும். எழுதியதைக் குடும்பத்தில் ஒருவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே மேடைக்குக் கொண்டுபோங்கள்.

புகைப்படத்துக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கும். 12 × 18 அங்குலத்துக்கு 1800 × 2700 பிக்சலாவது வேண்டும். கல்யாண ஆல்பம் எடுத்த ஸ்டுடியோவில் மூலக் கோப்பு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

8. காகித வேலைகள்

இதை மரியாதையில் சேர்க்காதவர்கள் உண்டு. மாலை ஒரு நாளில் வாடிவிடும்; குடும்பத்துக்கு வேலை கிடைப்பது முப்பது வருடத்துக்கு நிற்கும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே பதிவுசெய்வார்கள், ஆனால் பெயரின் எழுத்தையும் இனிஷியலையும் நீங்கள் பணிப்பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரு எழுத்து மாறினால் வாரிசுச் சான்றிதழ், ஓய்வூதியம், காப்பீடு எல்லாவற்றிலும் அது தொடரும். கருணை அடிப்படையிலான வேலைக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை படிக்கட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு.

வீரதீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கும் எண்ணம் இருந்தால் சாட்சிகளின் வாக்குமூலம், அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், புகைப்படங்கள் ஆகியவற்றை முதல் இரண்டு வாரத்திலேயே திரட்டிவிடுங்கள். மத்திய அரசின் பதக்கங்கள் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களையொட்டியும், மாநில அரசின் அண்ணா பதக்கம் செப்டம்பர் 15ஐயொட்டியும் அறிவிக்கப்படும். கோப்பு அதற்குப் பல மாதம் முன்பே கிளம்ப வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் நினைவும் மங்கியிருக்கும், ஆட்களும் மாறுதலில் போயிருப்பார்கள்.

உடன் பணியாற்றியவர்கள் திரட்டும் பணத்தை மேடையில் கவரில் கொடுக்காதீர்கள். மனைவியின் வங்கிக் கணக்கில் போட்டு, பட்டியலைத் தனியாகக் கொடுங்கள்.

9. பெயர்ப்பலகை

நிலைய வளாகத்துக்குள் மட்டும் வையுங்கள், அதுவும் துறை அனுமதியோடு. பொதுச் சாலையில் சிலையோ கட்டுமானமோ எழுப்ப அனுமதிக்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டி பின்னோக்கி வரும் சுவரும், வெளியேறும் வாசலும் ஆகாது.

வெள்ளைச் சலவைக்கல்லில் எண்ணெயும் குங்குமமும் கறையாகப் படியும். கறுப்புக் கிரானைட் நல்லது. பத்தடி தள்ளி நின்று படிக்க எழுத்து 1 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். கல் வெட்டும் முன் காகிதத்தில் முழு அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, குடும்பத்தில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். விபத்து நடந்த தேதியையும் இறந்த தேதியையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. தீக்காயத்தோடு பல நாள் சிகிச்சையில் இருந்து இறந்தவருக்கு இரண்டும் வேறு. கல்லில் வெட்டிய பிழையைத் திருத்த முடியாது, புதுக் கல்தான்.

10. ஏப்ரல் 14, ஆண்டு நினைவு

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதனால்தான் நாடு முழுவதும் அந்த நாள் நீத்தார் நினைவு நாள், அதிலிருந்து ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். தமிழ்நாட்டில் அதே நாளில் தமிழ்ப் புத்தாண்டும் அம்பேத்கர் பிறந்தநாளும் வருகின்றன. பூ விலை ஏறியிருக்கும். மலர்வளையத்தை இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். அதிகாரிகளுக்கு அன்று பல நிகழ்ச்சி இருக்கும். காலை 8 மணிக்குள் தொடங்கிவிடுங்கள்.

குடும்பத்தை அழைப்பதாக இருந்தால் நேரில் போய் அழையுங்கள். துக்கம் கழியாத முதல் ஆண்டில் வர மனமில்லாமல் இருக்கலாம். வற்புறுத்தாதீர்கள், மறு ஆண்டும் போய் அழையுங்கள். வந்தால் நிழலில், முதல் வரிசையில் இடம். பெயர்ப் பட்டியலை வாசிப்பவர் ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். இனிஷியலோடு வாசிக்க வேண்டும். அச்சிட்ட பட்டியலைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், மனப்பாடத்தை நம்பக் கூடாது.

இறந்த நாளின் ஆண்டு நினைவுக்குத் தேதி எது என்று வீட்டில் கேளுங்கள். ஆங்கிலத் தேதியும் திதியும் பெரும்பாலும் ஒரே நாளில் வராது. சில மரணங்களுக்கு இன்னொரு நாளும் ஒட்டிக்கொள்ளும். 2020 நவம்பரில், தீபாவளி நேரத்தில், மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கும்போது கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் நாள்காட்டி எதைச் சொன்னாலும் தீபாவளிதான் அந்த நாள். தீபாவளியன்று நிலையம் முழுக்க அழைப்பில் இருக்கும், யாராலும் போக முடியாது. முந்தின நாள் பகலிலேயே இருவர் அந்த வீட்டுக்குப் போய்வரும்படி பணிப்பட்டியலில் எழுதி வைத்துவிடுங்கள்; நிலைய அலுவலர் மாறினாலும் அடுத்தவர் கண்ணில் அது படும்.